பழைய சொகுசு மோட்டாரும் புதிய சம்பளமும்

மக்கள் விரும்பும் பொருள்கள் இருவகைப்படும். பயன் கருதி விரும்பப்படுவன ஒருவகை. பெருமை கருதி விரும்பப்படுவன மற்றொருவகை. குடை முன்னதற்குச் சான்று. மோதிரம் பின்னதற்குச் சான்று. மோட்டார் வண்டியோ குடையும் மோதிரமும் ஒருங்கே ஆகி நின்று மனிதனை மயக்குவது. அதனாலேயே கணக்கில் வல்லாரும் மோட்டார் வாங்கப் புகுங்கால் கணக்கை மறந்துவிடுகின்றனர்.

கல்லூரிப் படிப்பை முடித்து, உத்தியோகத்தில் அமர்ந்து, இரண்டோராண்டு சம்பளம் பெற்ற பழைய மாணவர் சிலர் எம்பால் ஒரு வினாவை அடிக்கடி எழுப்புகின்றனர். புதிய சிறு வண்டி ஒன்றின் விலைக்கு, அல்லது அதனினும் குறைந்த விலைக்கு, பத்தாண்டு ஓடிய மெர்சிடிஸ்-பென்ஸோ, ஆடியோ, பி.எம்.டபிள்யூவோ கிடைக்கின்றதே, அதனை வாங்குதல் அறிவுடைமையா, பேதைமையா என்பதே அவ்வினா. இதனை நகைத்துத் தள்ளுவோர் உளர். யாம் அங்ஙனம் தள்ளத் துணியோம். அதற்குக் காரணமாயிருந்தவர் எம் இளைய நண்பர் ஒருவர்.

அவர் மாஞ்சோலையில் பிறந்தவர். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்தவர். தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து கிள்ளியவர். தந்தையார் கவாத்து வெட்டியும் தொழிற்சாலையில் உழைத்தும் முதுமை எய்தியவர். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929ஆம் ஆண்டில் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனியார் 8,373 ஏக்கர் மலைநிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றதும், ஜமீன் ஒழிந்த பின்னும் அக்குத்தகை நிலைத்ததும், 2028ஆம் ஆண்டில் அது முடிவெய்துவதை முன்னிட்டு 2024ஆம் ஆண்டில் தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வுத் திட்டம் அளிக்கப்பட்டதும் நெல்லைச் சீமையார் நன்கறிந்தவை. அவ்வாண்டில் மலையை விட்டிறங்கிய பலருள் நம் நண்பரின் பெற்றோரும் இருவர்.

நண்பர் எமக்கு எழுதிய கடிதத்தின் கருத்து இது: “சிறுவனாயிருந்த காலத்தில், தோட்டத்துத் துரைமாரின் கார் வளைவில் திரும்பும் ஓசை கேட்டால் நாங்கள் பாதையோரம் ஒதுங்கி நிற்போம். என் தந்தையார் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். அத்தகைய வண்டி ஒன்றில் அவரை முன்னிருக்கையில் அமர்த்தி, அதே பாதையில் ஒருமுறையேனும் மேலே அழைத்துச் செல்லல் வேண்டும். என் கையில் 6 இலட்சம் ரூபாய் உண்டு. கடன் வாங்க விருப்பமில்லை. வழி கூறுக.”

இதனை வீண் ஆடம்பரம் என்று கூற எமக்கு நா எழவில்லை. ஏழையின் மகன் நல்ல பொருளை விரும்புதல் குற்றமாயின், செல்வன் மகன் அதனை விரும்புதலும் குற்றமேயாம். ஆயினும் விருப்பம் நியாயமாயிருத்தல் ஒன்று. வாணிபம் நியாயமாயிருத்தல் மற்றொன்று. கூலியுயர்வும் சிறைப்பட்ட தொழிலாளரின் விடுதலையும் வேண்டி 1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் நெல்லையில் ஊர்வலம் வந்தோருள் 17 பேர் தாமிரவருணியில் மாண்டனர். அத்தனை அரிதிற் பெற்ற கூலியைக்கொண்டு படித்த பிள்ளையின் சேமிப்பு, ஒரு பழைய கியர் பெட்டிக்குள் விழுந்து மறைதல் ஆகாது. ஆதலின் அவருக்கு யாம் எழுதிய மறுமொழியை விரித்து ஈண்டு வெளியிடுகின்றோம்.

முதற்கண் அறியவேண்டுவது, இவ்வண்டிகள் மலிவாயிருப்பதன் காரணம். வண்டி பழகப் பழக அதன் விலை இறங்குகின்றது. இன்ஷூரன்ஸ் கணக்கிலேயே ஆறு திங்களுக்குள் நூற்றுக்கு 5, இரண்டாம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 50 என்று மதிப்புக் கழிக்கப்படுவது வழக்கம். ஆனால் 40 இலட்சம் ரூபாய்க்குப் பிறந்த வண்டி 4 இலட்சத்திற்கு வந்துவிட்டாலும், அதன் உறுப்புகள் 40 இலட்ச வண்டியின் உறுப்புகளாகவே இருக்கின்றன. விளக்கு ஒன்று உடைந்தால் பழைய வண்டிக்கென்று மலிவு விளக்கு எவரும் செய்து வைத்திருப்பதில்லை. வண்டியின் விலை மூப்படையும். உறுப்பின் விலை மூப்படையாது. இவ்வொரு வாக்கியத்தை நினைவிற் கொண்டோர் பாதி நட்டத்தினின்று தப்பினவராவர். யானை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியவன், அது நாள்தோறும் தின்னும் தீனி மலிவாகாதென்பதை வீட்டு முற்றத்தில் கட்டிய பிறகே உணர்கின்றான்.

இரண்டாவது, விற்பவன் அறிந்ததை வாங்குபவன் அறியான். ஜார்ஜ் ஆகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் பழைய மோட்டார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்ந்தார். எது நல்ல வண்டி, எது கெட்ட வண்டி என்று பிரித்தறிய இயலாத வாங்குவோர், இரண்டிற்கும் இடைப்பட்ட விலையையே தர இசைவர். அவ்விலை நல்ல வண்டிக்காரனுக்குக் கட்டாது. அவன் சந்தையை விட்டு விலகுவான். கெட்ட வண்டிக்காரனுக்கோ அது ஆதாயம்; அவன் நிலைத்து நிற்பான். முடிவில் சந்தையில் எஞ்சுவன பெரும்பாலும் கெட்டவையே. இவ்வாராய்ச்சிக்காக அவர் 2001ஆம் ஆண்டில் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

நம் நாட்டு உழவர் இவ்வுண்மையைப் புத்தகம் படியாமலே அறிந்திருந்தனர். மாட்டுச் சந்தையில் மாடு பிடிக்கச் செல்பவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான், மாடறிந்த ஒருவனை உடன் அழைத்துச் செல்வான். தரகன் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகையில் அவன் பேச்சைக் காட்டிலும் மாட்டின் காலையே நோக்குவான். பி.ஏ. படித்த நம் இளைஞரோ, நிழற்படத்தைக் கண்டு முன்பணம் அனுப்புகின்றனர்! மாடு வாங்கிய பாட்டனாரின் அறிவு மோட்டார் வாங்கும் பேரனுக்கு வேண்டாவோ?

மூன்றாவது, வண்டி எங்கிருந்து வருகின்றது என்பதை விசாரித்தல் வேண்டும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இட்ட ஆணைகளாலும், அவற்றை 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தமையாலும், தில்லித் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடுதற்குத் தடை நேர்ந்தது. 2025ஆம் ஆண்டில் அத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டதாயினும், இடைப்பட்ட காலத்தில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி மலிவு வண்டிகள் வந்தவண்ணமிருந்தன. பிற மாநில வண்டி நம் மாநிலத்தில் 12 திங்களுக்கு மேல் தங்குமாயின் புதுப் பதிவெண் பெறுதல் வேண்டும். ஈண்டுள்ள ஆயுள் வரியையும் செலுத்துதல் வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் தில்லி விலை நெல்லை விலையாகிவிடுதல் உண்டு.

இதனினும் கொடியது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையும், 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் நம் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களும் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் இரயில் வண்டியே பிரயாணிகளுடன் வெள்ளத்திடையே நின்றுவிட்டது. இரயிலையே நிறுத்திய நீர் மோட்டார்களை விட்டுவைக்குமோ? சாதாரண வண்டி மூழ்கினாலே கேடு. சொகுசு வண்டியிலோ நரம்பு மண்டலம்போல் மின்கம்பிகள் ஓடுகின்றன. மின்னணுப் பெட்டிகள் இருக்கைக்கு அடியிலும் தரைவிரிப்பின் கீழும் ஒளிந்துள்ளன. நீர் வற்றினாலும் துரு வற்றுவதில்லை. ஆறு திங்கள் ஒழுங்காய் ஓடி, ஏழாந் திங்களில் ஒவ்வோர் உறுப்பாய் ஊமையாகும்.

நண்பர் முதலிற் கண்டு மகிழ்ந்த வண்டி இத்தகையதாகவே முடிந்தது. கருநிறமுடைய ஜெர்மானிய வண்டி. விலை 4½ இலட்சம். தோற்றமோ புது மாப்பிள்ளை. யாமும் முதிய மெக்கானிக் ஒருவரும் உடன் சென்றோம். மெக்கானிக் எஞ்சினைத் திறக்கவேயில்லை. பின்னிருக்கையில் அமர்ந்து, இருக்கை வாரை அதன் கடைசி முழம் வரை மெல்ல இழுத்தார். சுருளுக்குள் என்றும் வெளிவாராத அப்பகுதியில் ஆற்று வண்டலின் கோடு ஒன்று தெளிவாகக் கிடந்தது. டிக்கியில் மாற்றுச் சக்கரம் இருக்கும் குழியிலும் அதே மண். விற்பவர் ஏதோ சமாதானம் கூறினார். நண்பர் மறுமொழி கூறாது அவ்வாரை விரலால் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றார். தாமிரவருணி தானே வந்து அவரை எச்சரித்ததாக எமக்குத் தோன்றியது.

நான்காவது, எவ்வழியில் ஓட்டப்போகின்றோம் என்பதை எண்ணி வண்டியைத் தெரிதல் வேண்டும். மணிமுத்தாறு அணையைக் கடந்து, வனத்துறையின் இசைவு பெற்று, 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் நோக்கிச் செல்லும் மாஞ்சோலைப் பாதை ஒடுங்கியது, வளைவுகள் மலிந்தது, மழைக்காலத்தில் கற்கள் பெயர்ந்து கிடப்பது. நெடிய, தாழ்ந்த வண்டியின் அடிவயிறு அக்கற்களில் உரசும். எண்ணெய்த் தொட்டி உடைந்தால் எஞ்சினே போம். பக்கச்சுவர் குறுகிய டயர் கூர்ங்கல்லில் கிழியும். காற்றுப் பையின்மேல் மிதக்கும் சஸ்பென்ஷன் சமவெளியில் சுகமளிக்கும்; மூப்படைந்து காற்றொழுகினால் வண்டி யானை மண்டியிட்டாற்போல் அமர்ந்துவிடும். சிலவகைத் தானியங்கிக் கியர்கள், ஏற்றத்தில் ஊர்ந்து செல்கையில் கிளட்ச் சூடேறித் தளரும். இறங்குகையில் பிரேக்கையே நம்பி மிதிப்போர் அதனை வெந்து மழுங்கச் செய்வர். தாழ்ந்த கியரில் இறங்குதலே முறை. ஏறப்போகும் மலை இதுவாயின், காற்றுச் சஸ்பென்ஷனும், வரலாறு தெரியாத இரட்டைக் கிளட்ச் கியரும் உடைய வண்டிகளைச் சிறு முதலுடையோர் விலக்குதல் நன்று.

எரிபொருளையும் எண்ணுதல் வேண்டும். 2025ஆம் ஆண்டில் நம் நாட்டில் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலத்தல் என்னும் குறிக்கோள் எய்தப்பட்டது. பழைய வண்டிகள் அவ்வளவு எத்தனாலுக்கென்று அமைக்கப்பட்டவையல்ல. அவற்றின் இரப்பர்க் குழாய்களையும் அடைப்புகளையும் நோக்குதல் வேண்டும். மைல் கணக்கும் சற்றுக் குறையும். டீசல் வண்டியில் புகைக்கரி வடிகட்டி இருக்குமாயின், நகரத்துக் குறும்பிரயாணங்களில் அஃது அடைபடும். ஆண்டிற்குச் சில ஆயிரம் கிலோமீட்டரே ஓட்டுவோர்க்கு எளிய பெட்ரோல் எஞ்சினே ஏற்றது என்பது எம் கருத்து.

இனி, வண்டியைப் பார்க்கும் முறை. விடியற்காலையில் செல்க, எஞ்சினை முன்னரே சூடேற்றி வைத்திருக்கின்றனரா என்று மூடியைத் தொட்டுப் பார்க்க. குளிர்ந்த எஞ்சின் முதலில் எழுப்பும் ஓசையே உண்மை பேசும் ஓசை. புகை நீலமாயின் எண்ணெய் எரிகின்றது. கருமையாயின் எரிபொருள் மிகுகின்றது. வெண்புகை நீங்காது தொடர்ந்தால் குளிர்நீர் உள்ளே புகுகின்றது. ஓடிய தூரம் 50,000 என்று மானி காட்ட, பிரேக் மிதியின் இரப்பர் தேய்ந்து வழவழப்பாயிருக்குமாயின் மானியை நம்பற்க, மிதியை நம்புக. டயரின் பக்கத்திலுள்ள நான்கிலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் கூறும்; 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பணிமனைக் குறிப்புகள் தேதியோடும் தூரத்தோடும் தொடர்ச்சியாய் உள்ளனவா என்று நோக்குக. மின்னணுப் பெட்டிகளில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் கருவியுடைய மெக்கானிக்கைக் கொண்டு பரிசோதிக்கச் சில ஆயிரம் ரூபாய் ஆகலாம். அச்செலவிற்கு அஞ்சுபவர் அவ்வண்டிக்கே அஞ்சுதல் வேண்டும்.

பத்திரங்களிற் காட்டும் கவனம் சிறிதும் குறைதல் ஆகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்திற்குள் உரிமை மாறினால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கினவர் 30 நாட்களுக்குள்ளும் அறிவித்தல் வேண்டும். 29, 30ஆம் எண் படிவங்கள் இதற்குரியன. முன்னர்க் கடனிருந்ததாயின் அது தீர்ந்தமைக்கு 35ஆம் எண் படிவம் வேண்டும். பிற மாநில வண்டியாயின் 28ஆம் எண் படிவத்து இசைவு வேண்டும். பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்தல் வேண்டும். விற்போர்க்கும் ஒரு சொல்: பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்றும், விபத்து நேரின் நட்டஈட்டுப் பொறுப்பு அவரதே என்றும் உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. “பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பது இருவருக்கும் கேடு.

பணத்தைப் பங்கிடும் முறையையும் கூறுவோம். 6 இலட்சம் உடையவர் 6 இலட்சத்திற்கு வண்டி தேடுதலே முதற் பிழை. 4 இலட்சம் முதல் 4½ இலட்சம் வரை வண்டிக்கு. அரை இலட்சம் பெயர் மாற்றத்திற்கும் இன்ஷூரன்ஸிற்கும். எஞ்சிய 1 இலட்சம் முதல் 1½ இலட்சம் வரை முதலாண்டுப் பழுதிற்கு. இம்மூன்றாம் பங்கை வங்கியில் தனியே இட்டு, அதனை இல்லாத பணமாகக் கருதுக. அப்பங்கை ஒதுக்க இயலாதவர்க்கு அவ்வண்டி எட்டாத வண்டி என்பதே பொருள். மேலும், பணிமனை எங்குளது என்று கேட்க. நெல்லையிலிருந்து மதுரை ஏறக்குறைய 160 கிலோமீட்டர். பழுதான வண்டியை அத்தொலைவு இழுத்துச் செல்லுதல் சொகுசில் சேராது.

“ஆயின் யாம் எதனைத்தான் வாங்குவது?” என்று வினவுவோர்க்கு எம் துணிபு இது: மிகப் பெரிய வீட்டின் நலிந்த வண்டியினும், நல்ல வீட்டின் நலியாத வண்டி சிறந்தது. மூன்று முனை நட்சத்திரத்தையும் நான்கு வளையத்தையும் விரும்பும் உள்ளம், டொயோட்டாவின் கொரோலாவையும் காம்ரியையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். கொரோலா நம் நாட்டில் 2003 முதல் 2020 வரை விற்கப்பட்டது. அதன் எஞ்சினை அறியாத மெக்கானிக் அரியர். அகன்ற இருக்கை, அமைதியான ஓட்டம், குளிர்ந்த காற்று ஆகிய சொகுசின் மெய்ப்பொருள் அதன்கண் உண்டு. மூக்கின்மேல் உள்ள சின்னம் மட்டுமே வேறு. சின்னமே வேண்டுமென்போர், ஒரே உரிமையாளரிடம் இருந்த, குறிப்புகள் குறையாத, எளிய பெட்ரோல் எஞ்சினுடைய வண்டி கிடைக்கும்வரை பொறுத்திருக்கட்டும். பொறுமை மட்டுமே இச்சந்தையில் விலையின்றிக் கிடைக்கும் இன்ஷூரன்ஸ்.

நண்பர் எட்டுத் திங்கள் பொறுத்தார். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் புதிதாய் வாங்கி, தாமே ஓட்டி, ஒவ்வொரு பணிமனைச் சீட்டையும் கோப்பில் கட்டி வைத்திருந்த வெள்ளிநிறக் கொரோலா ஒன்றை 4 இலட்சத்து 40 ஆயிரத்திற்குப் பெற்றார். துரைமாரின் வண்டியன்று அது. ஆயினும் தம் பெயர் பதிவேட்டில் ஏறிய பின்னரே சாவியைத் தொட்டார். இசைவுச்சீட்டுப் பெற்று, பெற்றோரை அமர்த்தி, தாழ்ந்த கியரில் மெல்ல மலையேறினார்.

அன்று நிகழ்ந்ததைப் பின்னர் எம்மிடம் கூறினார். தந்தையார் முன்னிருக்கையில் அமர்ந்து, துண்டைத் தோளினின்று எடுக்கவேயில்லையாம். தாயார் இருக்கையின் மென்மையைப் பற்றியோ வண்டியின் பெயரைப் பற்றியோ ஒரு சொல்லும் கூறவில்லையாம். ஒரு வளைவில் நிறுத்தச் சொல்லி, இறங்கி, தாம் கொழுந்து கிள்ளிய சரிவைக் கைநீட்டிக் காட்டினாராம். மருந்தடிப்பாரின்றிக் களை மூடிய செடிகளைக் கண்டு சிறிது நேரம் பேசாதிருந்தாராம்.

மாணவ நண்பர்காள்! வண்டி ஒருவனை ஓரிடத்திற்குக் கொண்டு சேர்ப்பதற்கே உரியது. அவ்விடம் யாதென்று முதலில் துணிக. எவரை ஏற்றிச் செல்வது என்று அடுத்து எண்ணுக. பின்னர் வண்டியைத் தேடுக. இவ்வரிசையிற் செல்வோர்க்குச் சிறிய முதலும் போதும். வரிசை மாறினோர்க்குப் பெரிய முதலும் போதாது. ஒன்று மட்டும் மறவாதீர்: விலை பேசுமுன், பின்னிருக்கை வாரைக் கடைசி முழம் வரை இழுத்துப் பாருங்கள்.